இடைக்கால நகர வரலாறு செமினார்: புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

விரிவுரை வகுப்புகளில் குறிப்பெடுத்துப் பழகிய மாணவர்கள் இடைக்கால ஐரோப்பிய நகரங்களைப் பற்றிய செமினாரில் முதன்முறையாகச் சேரும்போது, தம்மிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்பதை யாரும் விளக்கிச் சொல்வதில்லை. பாடத்திட்டத் தாளில் "வகுப்பில் முனைப்பான பங்கேற்பு" என்று ஒரு வரி இருக்கும்; அதன் பொருள் பாதிப் பருவம் கழிந்த பிறகே பிடிபடும். அந்தப் பாதிப் பருவத்தைத் தட்டுத் தடுமாறிக் கடந்து வந்த பின் இதை எழுதுகிறேன். அடுத்து வருபவர்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். ஒரு நகரத்தைப் பற்றி நீங்கள் எதைச் சொன்னாலும், அது எந்த ஆவணத்திலிருந்து தெரிகிறது, அதை யார் எதற்காக எழுதினார்கள், அது எதைச் சொல்லாமல் விடுகிறது என்று பேராசிரியர் கேட்பார். முதல் வாரம் முதல் இறுதிக் கட்டுரை வரை எல்லா வேலையும் இந்தக் கேள்விகளுக்கு விடை தேடும் வேலைதான். கீழே உள்ள படிகள் அனைத்தும் அதற்கான ஏற்பாடுகளே.

1. சேர்வதற்கு முன் பாடத்திட்டத்தைப் பேனாவுடன் படியுங்கள்

பாடத்திட்டம் கையில் வந்தவுடன் மதிப்பெண் பகிர்வைப் பாருங்கள். பெரும்பாலான செமினார்களில் இறுதிக் கட்டுரைக்கே பெரும்பங்கு போகும். மீதி பங்கேற்புக்கும், வகுப்பில் அளிக்கும் விளக்கவுரைக்கும், வாராந்தரக் குறிப்புகளுக்கும் பிரிந்திருக்கும். கட்டுரைக்கு முன்மொழிவும் முதல் வரைவும் தனித்தனிக் கெடுக்களுடன் கேட்கப்பட்டிருந்தால் அவற்றை அன்றே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். முன்மொழிவு ஏற்கப்படாமல் கட்டுரையைச் சமர்ப்பிக்க முடியாது என்ற விதி சில பாடத்திட்டங்களில் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும்.

அடுத்தது மொழி. இந்தக் காலத்து ஆவணங்கள் லத்தீன், பழைய பிரெஞ்சு, இத்தாலிய வட்டார வழக்குகள், நடுக் கீழ் ஜெர்மன் (இடைக்கால வட ஜெர்மனியின் மொழி) போன்ற மொழிகளில் உள்ளன. தொடக்கநிலைச் செமினாரில் மொழிபெயர்ப்பு போதும்; மேல்நிலைச் செமினாரில் ஒரு மொழியையாவது அகராதியின் துணையுடன் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பார்கள். எது என்பதை முதல் வாரத்திலேயே நேரடியாகக் கேட்டுவிடுங்கள். உங்களுக்குத் தெரிந்த மொழியே நீங்கள் எந்த நகரத்தைப் பற்றி எழுதலாம் என்பதைத் தீர்மானிக்கும். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் லண்டன், யார்க், வின்செஸ்டர் போன்ற நகரங்களை எடுத்தால் பிழைத்துக்கொள்வார். ஜெர்மனியின் லூபெக் நகரத்தை எடுத்தால் நடுவழியில் நின்றுவிடுவார்.

2. காலத்தைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள்

பருவத்தின் கடைசி நாளிலிருந்து பின்னோக்கி வாருங்கள். எழுதித் திருத்த மூன்று வாரம், ஆவணங்களைப் படித்துக் குறிப்பெடுக்க நான்கு வாரம், நூல்கள் கைக்கு வந்து சேர இரண்டு மூன்று வாரம் என்று வைத்தாலே, சுமார் 14 வாரப் பருவத்தில் நான்காம் வாரத்துக்குள் தலைப்பு ஓரளவு முடிவாகியிருக்க வேண்டும் என்பது விளங்கும். அந்த நேரத்தில் பாதி வாசிப்புப் பட்டியலைக்கூட நீங்கள் தொட்டிருக்க மாட்டீர்கள். இருந்தாலும் தலைப்பைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். பிறகு அதைக் குறுக்கிக்கொள்ளலாம்.

வேறு நூலகத்திலிருந்து இரவலாக வரும் நூலே அதிகம் தாமதிக்கும். நகர ஆவணங்களின் அச்சுப் பதிப்புகள் குறைந்த படிகளே வெளியானவை; பல 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலோ 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ அச்சானவை. அவை உங்கள் நூலகத்தில் இல்லாவிட்டால் விண்ணப்பத்தை அன்றே கொடுங்கள்.

வாராந்தர வாசிப்புக்கு ஒரே மாலையை ஒதுக்குவது போதாது. வகுப்புக்கு மூன்று நாள் முன்பு ஒரு முறை, முதல் நாள் மாலை குறிப்புகளோடு இன்னொரு முறை என்று பிரித்துக்கொள்வது நல்லது.

3. செலவு: எதற்குப் பணம் வேண்டும், எதற்கு வேண்டாம்

பட்டியலில் உள்ள நூல்களை வாங்க அவசரப்படாதீர்கள். பலவற்றில் ஓர் அத்தியாயம் மட்டுமே தேவைப்படும். நூலகத்தில் அந்தப் பாடத்துக்கென ஒதுக்கி வைத்த படிகள் இருக்கின்றனவா என்று முதலில் கேளுங்கள். காப்புரிமை முடிந்துபோன பழைய பதிப்புகள் ஸ்கேன் செய்த கோப்புகளாக இலவசமாகவே கிடைக்கின்றன. லண்டன் நகர ஆவணங்களின் பதிப்புகளில் பலவற்றை பிரிட்டிஷ் ஹிஸ்டரி ஆன்லைன் தளத்தில் படிக்கலாம். இத்தாலியின் புளோரன்ஸ் நகரத்தின் 1427-ஆம் ஆண்டு வரிக்கணக்கெடுப்பிலிருந்து உருவாக்கிய தரவுத்தளமும் இணையத்தில் உள்ளது.

பணம் எதிர்பாராமல் போவது படங்களுக்குத்தான். ஆவணக்காப்பகம் ஒன்றிலிருந்து கையெழுத்துப் பக்கத்தின் படத்தைக் கேட்டால் படம் எடுக்க ஒரு கட்டணம், அதை வெளியிட வேறொரு கட்டணம் என்று இரண்டு இருக்கலாம். வகுப்புக்குச் சமர்ப்பிக்கும் கட்டுரைக்கு வெளியீட்டு உரிமை பொதுவாகத் தேவையில்லை என்பதால், விண்ணப்பப் படிவத்தில் "தனிப்பட்ட ஆய்வு" என்ற பிரிவைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். செமினார் கட்டுரைக்காகக் கையெழுத்துப் பிரதியைத் தேடி வெளியூர் போவது பெரும்பாலும் வீண் செலவு. அச்சில் வந்த ஆவணங்களையே ஒரு பருவத்தில் படித்து முடிக்க முடியாது.

4. வாசிப்பில் இரண்டு வகை உண்டு, இரண்டையும் ஒரே விதமாகப் படிக்காதீர்கள்

ஆய்வாளர்கள் எழுதியதைப் படிக்கும்போது அவருடைய வாதத்தை இரண்டு வாக்கியங்களில் எழுதுங்கள். அவர் யாரை மறுக்கிறார் என்று குறியுங்கள். பிறகு அவருடைய அடிக்குறிப்புகளைப் புரட்டி எந்த வகை ஆவணத்தின் மேல் நிற்கிறார் என்று பாருங்கள். இந்த மூன்றாவது வேலையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

முதல் சில வாரங்களில் "நகரம் என்றால் என்ன" என்ற விவாதம் நிச்சயம் வரும். பெல்ஜிய வரலாற்றாளர் ஆன்ரி பிரென் 1920-களில் முன்வைத்த கருத்துப்படி, தொலைதூர வணிகம் புத்துயிர் பெற்றபோது வணிகர்கள் கூடிய இடங்களே நகரங்களாயின. பின்வந்தவர்கள் ஆயர்கள் (பிஷப்புகள்), பிரபுக்கள், உள்ளூர்ச் சந்தைகள், நாட்டுப்புறத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் ஆகியோருக்கு அவர் உரிய இடம் தரவில்லை என்று மறுத்தார்கள். இந்த விவாதத்தை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பிரென் எந்தச் சான்றுகளைப் பார்த்தார், அகழாய்வு வளர்ந்த பிறகு எந்தப் புதிய சான்றுகள் வந்தன என்று கேட்டாலே வகுப்பில் பேசுவதற்குப் பொருள் கிடைத்துவிடும்.

மூல ஆவணத்தைப் படிப்பது வேறு வகை வேலை. ஒரு பக்க ஆவணத்துக்கு ஒரு மணி நேரம் செலவிடத் தயங்காதீர்கள்.

5. ஆவண வகைகளும் அவற்றில் உள்ள பொறிகளும்

செமினாரின் உயிர் இங்கேதான் இருக்கிறது. இதற்கு அதிக நேரம் கொடுங்கள்.

சாசனங்கள். அரசரோ பிரபுவோ நகரத்துக்கு அளித்த உரிமைகள் இவற்றில் இருக்கும். பிரான்சில் லோரிஸ் என்னும் ஊருக்கு 1155-இல் ஏழாம் லூயி உறுதிசெய்த சாசனத்தில், தம் ஆள் என்று உரிமை கோரி யாரும் வராமல் ஓராண்டும் ஒரு நாளும் அங்கே வாழ்ந்தவர் அதன்பின் தடையின்றி வாழலாம் என்ற விதி உள்ளது. இதைப் படித்தவுடன், "நகரக் காற்று விடுதலை தரும்" என்ற ஜெர்மன் வாசகத்தை இடைக்காலப் பழமொழியாக மேற்கோள் காட்ட ஆசை வரும். அந்த வாசகம் அவ்வடிவில் 19-ஆம் நூற்றாண்டுச் சட்ட வரலாற்றாளர்களிடமிருந்து வந்தது. மேலும், சாசனம் உரிமையைத் தருகிறது என்பதாலேயே அது நடைமுறையில் இருந்தது என்று ஆகிவிடாது. அதைக் காட்ட வழக்குப் பதிவு வேண்டும்.

வரிப்பதிவேடுகள். எண்கள் இருப்பதால் இவை நம்பகமானவை என்று தோன்றும். இங்கிலாந்தின் தலைவரியைப் பாருங்கள். 1377-இல் 14 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் நான்கு பென்னி என்று விதிக்கப்பட்டபோது சுமார் 13.5 லட்சம் பேர் பதிவானார்கள். 1381-இல் சுமார் 9 லட்சம் பேரே பதிவானார்கள். நான்கு ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்கு மக்கள் மறைந்துவிடவில்லை. வரி மும்மடங்கானது, மக்கள் ஒளிந்துகொண்டார்கள், வயது வரம்பும் 15 ஆக மாறியது. பதிவேட்டில் ஒருவர் இல்லை என்றால் அவர் ஊரிலேயே இல்லை என்று எழுதுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

புளோரன்சின் 1427 கணக்கெடுப்பு இதைவிட நுட்பமானது. குடும்பத் தலைவர்கள் தம் சொத்து, கடன், வீட்டில் உள்ளோரின் வயது ஆகியவற்றைத் தாமே எழுதிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு ஆளுக்கும் வரிக்குரிய சொத்திலிருந்து 200 புளோரின் (அந்நகரத்தின் தங்க நாணயம்) கழிவு உண்டு. குடியிருக்கும் வீட்டுக்கு வரி இல்லை. கழிவு இருப்பதால் வீட்டில் ஆள் எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்லத் தூண்டுதல் இருந்தது. அப்படியிருந்தும் சிறு பெண் குழந்தைகள் குறைவாகவே பதிவாகியிருக்கிறார்கள். வயதுகள் 30, 40, 50 என்று முழு எண்களில் குவிந்து கிடக்கின்றன. இந்தக் குவியலைக் கண்டு எரிச்சலடையாதீர்கள். தம் வயதை மக்கள் எவ்வளவு துல்லியமாக அறிந்திருந்தார்கள் என்பதற்கு அதுவே சான்று. என் பார்வையில், பதிவேட்டின் பிழைகளைச் சான்றாக மாற்றத் தெரிந்த மாணவரின் கட்டுரை எப்போதும் தனித்துத் தெரியும்.

வரலாற்றுக் குறிப்புகளும் நகரப் புகழ்ச்சிகளும். 1170-களில் லண்டனை வருணித்த வில்லியம் பிட்ஸ்டீபன், அந்த நகரம் ஒருகாலத்தில் 20,000 குதிரைவீரர்களையும் 60,000 காலாட்படையினரையும் திரட்டியதாக எழுதுகிறார். இது புகழ்ச்சி இலக்கியத்தின் இலக்கணம். மக்கள்தொகைக் கணக்குக்கு உதவாது. ஆனால் எல்லாவற்றையும் இப்படித் தள்ளிவிடவும் கூடாது. புளோரன்ஸ் வரலாற்றாசிரியர் ஜொவான்னி வில்லானி 1330-களின் இறுதிப் புளோரன்சில் சுமார் 90,000 பேர் இருந்ததாகச் சொல்லும்போது, நகரத்துக்குத் தேவைப்பட்ட ரொட்டியின் அளவிலிருந்து அதை மதிப்பிட்டதாகவும் சொல்கிறார். கணக்கிட்ட முறையைச் சொல்பவரை அந்த முறையை வைத்தே சோதிக்கலாம். 1348-இல் கொள்ளைநோய் தாக்கிப் பல பத்தாண்டுகள் கழிந்த பின் 1427 கணக்கெடுப்பில் நகரத்தில் 40,000-க்கும் குறைவானவர்களே இருந்தார்கள். இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைக்கும்போது, ஒன்று மதிப்பீடு, மற்றொன்று வரிக்கான பதிவு என்பதைக் கட்டுரையில் சொல்லியே ஆக வேண்டும்.

கைத்தொழில் சங்க விதிகள். பாரிஸ் நகர அதிகாரி எத்தியேன் புவாலோ 1268-ஐ ஒட்டித் தொகுப்பித்த நூலில் சுமார் நூறு தொழில்களின் விதிகள் உள்ளன. பெண்களே நடத்திய பட்டுநூல் நூற்கும் தொழில்களும் அவற்றில் உண்டு. இரவில் வேலை செய்யக் கூடாது, இத்தனை பயிலுநர்களுக்கு மேல் வைக்கக் கூடாது என்று விதிகள் நீளும். விதி சொல்வதை அப்படியே நடந்ததாக எழுதுவது இந்தச் செமினாரில் மிகவும் பரவலான பிழை. விதிக்குப் பின்னால் யாரோ ஒருவர் அதை மீறிக்கொண்டிருந்தார் என்று சந்தேகிப்பது பாதுகாப்பானது. அந்தச் சந்தேகத்தை உறுதிசெய்ய அபராதப் பதிவுகளைத் தேட வேண்டும்.

வழக்குப் பதிவுகள். லண்டனில் அண்டை வீட்டார் ஒருவர்மீது ஒருவர் கொடுத்த புகார்களை விசாரித்த பதிவுகள் 1301 முதல் 1431 வரையிலான காலத்துக்கு அச்சில் உள்ளன. கழிவறைக் குழி, கூரை நீர் வடியும் தூம்பு, பொதுச் சுவர், அடுத்தவர் முற்றத்தைப் பார்க்கும் சன்னல் என்று எல்லாமே சண்டைக்குக் காரணங்கள். இவற்றை மட்டும் படித்துவிட்டு நகரமே சாக்கடையாக இருந்தது என்று முடிவுகட்டுகிறார்கள். புகார் கொடுக்க ஓர் ஏற்பாடு இருந்தது, பார்வையிட அதிகாரிகள் நேரில் வந்தார்கள், குறிப்பிட்ட நாளுக்குள் சரிசெய்ய ஆணையிட்டார்கள் என்பதையும் அதே பதிவு சொல்கிறது.

வரைபடங்கள். ப்ரௌன், ஹோகன்பெர்க் இருவரின் நகரக் காட்சித் தொகுதி 1572 முதல் வெளிவந்தது. அழகாக இருக்கிறது என்று அதை 13-ஆம் நூற்றாண்டு நகரத்துக்குச் சான்றாக ஒட்டிவிடாதீர்கள். அதற்குப் பதிலாக, 1955-இல் தொடங்கிய சர்வதேசத் திட்டத்தின் கீழ்ப் பல நாடுகளில் வெளிவரும் வரலாற்று நகர அட்லஸ்களை நூலகத்தில் தேடுங்கள். மனைகளின் அகலம், தெருவின் வளைவு, மதில் இருந்த கோடு ஆகியவற்றைக் கொண்டு நகரம் வளர்ந்த விதத்தைப் படிக்கும் முறையை அவை கற்றுத் தரும்.

அகழாய்வு. எழுத்தாவணம் மட்டும் போதும் என்று எண்ண வேண்டாம். ரஷ்யாவின் நோவ்கொரோத்தில் 1951 முதல் கிடைத்துவரும் பிர்ச் மரப்பட்டைக் கடிதங்கள் ஆயிரத்துக்கும் அதிகம். கடன், சரக்கு, வீட்டுச் சண்டை என்று சாதாரண மக்களின் பேச்சு அவற்றில் இருக்கிறது. ஈர மண் காப்பாற்றியதால் அவை நமக்குக் கிடைத்தன. மற்ற நகரங்களில் இத்தகைய எழுத்து கிடைக்கவில்லை என்றால், அங்கே யாரும் எழுதவில்லை என்று அதற்குப் பொருள் கொள்ள முடியாது.

6. தேதியிலும் பணத்திலும் சறுக்காதீர்கள்

புளோரன்சில் புத்தாண்டு மார்ச் 25-இல் பிறந்தது. வெனிசில் மார்ச் 1-இல். ஆகவே புளோரன்ஸ் ஆவணத்தில் "1427 பிப்ரவரி 10" என்று இருந்தால் நம் கணக்கில் அது 1428. இத்தாலியின் பைசா நகரமும் மார்ச் 25-இல்தான் ஆண்டைத் தொடங்கியது, ஆனால் புளோரன்சைவிட ஒன்று கூடுதலான ஆண்டு எண்ணோடு. பதிப்பாசிரியர் ஆண்டை மாற்றிக் கொடுத்திருக்கிறாரா, மூலத்தில் உள்ளபடியே விட்டிருக்கிறாரா என்பதை முன்னுரையில் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்து ஆவணங்களில் அரசரின் ஆட்சியாண்டு வரும். மூன்றாம் எட்வர்டின் ஆட்சி 1327 ஜனவரி 25-இல் தொடங்கியதால், அவருடைய 22-ஆம் ஆண்டு 1348 ஜனவரி 25 முதல் 1349 ஜனவரி 24 வரை ஆகும். கொள்ளைநோய்க் காலத்து உயில்களை மாதவாரியாக எண்ண நினைப்பவருக்கு இந்தக் கணக்கு தவறினால் எல்லாமே தவறிப்போகும்.

பணத்தில் கணக்குக்கான பெயர்களும் கையில் புழங்கிய நாணயங்களும் வேறு வேறு. ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், 240 பென்னி. ஒரு மார்க் என்பது 160 பென்னி. இங்கிலாந்தில் மார்க் என்ற பெயரில் நாணயமே அடிக்கப்படவில்லை. 1252-இல் வெளியான தங்கப் புளோரின் அப்போது ஒரு லிராவுக்கு (புளோரன்சின் கணக்குப் பணம்) சமம். 1420-களில் அது சுமார் நான்கு லிரா. இன்றைய பணத்தில் எவ்வளவு என்று மாற்றிச் சொல்லாதீர்கள். பேராசிரியர் சிவப்பு மையால் அடிப்பார். அதே நகரத்தில் அதே ஆண்டில் ஒரு கொத்தனாரின் நாள்கூலி, ஒரு வீட்டின் வாடகை ஆகியவற்றோடு ஒப்பிடுங்கள்.

7. வகுப்பில் பேசும் முறை

ஒவ்வொரு வாரமும் ஒரு கேள்வியையும், அது எழும் பக்க எண்ணையும் எழுதிக்கொண்டு செல்லுங்கள். "இந்தக் கட்டுரை சுவையாக இருந்தது" என்பது பங்கேற்பாகாது. "விதவைகள் தொழிலை நடத்தினார்கள் என்று ஆசிரியர் சொல்வதற்கு ஆதாரம் மூன்று உயில்கள் மட்டுமே, உயில் எழுதும் வசதி யாருக்கு இருந்தது?" என்று கேட்டால் அரை மணி நேர விவாதம் நடக்கும். வாசிப்பை முழுதாக முடிக்காத வாரத்திலும் வகுப்புக்குப் போங்கள். ஓர் ஆவணத்தையாவது ஊன்றிப் படித்துவிட்டுப் போங்கள்.

விளக்கவுரைக்கு உங்கள் முறை வரும்போது, ஆவணத்தின் ஒரு பத்தியை அச்சிட்டு எல்லோர் கையிலும் கொடுங்கள். நகரத்தின் பின்னணியைச் சொல்லவே பாதி நேரத்தைச் செலவிடுவது வழக்கமான பொறி. பின்னணிக்கு இரண்டு நிமிடம் போதும்.

8. கட்டுரை: தலைப்பிலிருந்து சமர்ப்பிப்பு வரை

"இடைக்கால நகரங்களில் பெண்கள்" என்பது நூலகத்தின் ஓர் அலமாரி, கட்டுரைத் தலைப்பாகாது. "14-ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் லண்டன் அண்டைவீட்டுப் புகார்களில் பெண்கள் எந்த நிலையில் வழக்காடினார்கள்" என்றால் ஒரு நகரம், ஒரு காலம், ஓர் ஆவணத் தொகுதி, ஒரு கேள்வி எல்லாம் இருக்கின்றன. முன்மொழிவில் முதலில் ஆவணத் தொகுதியைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். கேள்வியை மட்டும் எழுதி ஆவணம் பிறகு கிடைக்கும் என்று விட்டால், எத்தனை நல்ல கேள்வியானாலும் திருப்பி அனுப்பப்படும்.

நீங்கள் பயன்படுத்துவது முழுப் பதிப்பா சுருக்கப் பதிப்பா என்று பாருங்கள். லண்டன் நகர மன்றத்தின் பதிவுப் புத்தகங்கள் 1899-க்கும் 1912-க்கும் இடையில் 11 தொகுதிகளாக ஆங்கிலத்தில் சுருக்கித் தரப்பட்டன. அவை மிகப் பயனுள்ளவை. ஆனால் சுருக்கியவருக்கு முக்கியமில்லை என்று தோன்றியவை விடுபட்டிருக்கும். சுருக்கத்தில் இல்லாததை வைத்து "ஆவணம் மௌனம் காக்கிறது" என்று வாதிட்டால் அந்த வாதம் நிற்காது.

அடிக்குறிப்புகளைக் கடைசி வாரத்துக்கு ஒத்திவைக்க வேண்டாம். குறிப்பெடுக்கும்போதே பதிப்பு, தொகுதி, பக்கம், கையெழுத்துப் பிரதியானால் ஏட்டின் எண்ணும் முன்பக்கமா பின்பக்கமா என்பதும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆவணத்தை நேரில் பார்க்காமல் வேறோர் ஆய்வாளரின் நூலிலிருந்து எடுத்திருந்தால், அவர் வழியாக எடுத்தது என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். இதை மறைப்பதைப் பல துறைகள் கருத்துத் திருட்டாகவே நடத்துகின்றன.

முதல் வரைவைக் கெடுவுக்கு ஒரு வாரம் முன்பே முடித்துச் சக மாணவர் ஒருவரிடம் கொடுத்து, ஒவ்வொரு பத்தியிலும் "இது எங்கிருந்து தெரிந்தது" என்று கேட்கச் சொல்லுங்கள். விடை இல்லாத பத்திகளை வெட்டுங்கள். பிறகு நகரப் பெயர்களின் எழுத்துக்கூட்டல் கட்டுரை முழுவதும் ஒன்றுபோல் இருக்கிறதா, புத்தாண்டுத் திருத்தம் வேண்டிய தேதிகள் எல்லாம் திருத்தப்பட்டனவா, அட்டவணைகளின் கீழ் மூலம் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கோப்பைக் கேட்ட வடிவத்தில் கெடு நாளுக்கு முந்தைய மாலையே அனுப்புங்கள். கால நீட்டிப்பு வேண்டுமென்றால் கெடு முடிவதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். முடிந்த பிறகு கேட்டால் பேராசிரியர் மனம் இரங்கினாலும் துறையின் விதி அதற்கு இடம் தராது.